ஸ்டோர்காரர் வீட்டுப் பரண்

ஆம்பூர் பஜாருக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் ஜெயப்பிரகாஷ் என்று பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஸ்டோர்காரர் என்று கேட்டால் குழந்தைகூட வீட்டைக் காட்டும். ஷூ கம்பெனியில் தலை நரைக்கும்வரை ஸ்டோர் பார்த்தவர். கையுறை கிழிந்துவிட்டது, புதுசு கொடுங்கள் என்று யாராவது வந்து நின்றால், "எந்தக் கை கிழிஞ்சுது?" என்று கேட்டு, அந்தக் கைக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மேனேஜர் மேடையில் இதைத்தான் பெருமையாகச் சொன்னார். கீழே உட்கார்ந்திருந்த தொழிலாளிகளில் பலர் கை தட்டவில்லை. அவரவர் எந்தக் கையை நினைத்துக்கொண்டார்களோ.

ஓய்வு பெற்றபின் அவருக்குக் காக்க ஒரு ஸ்டோர் இல்லாமல் போயிற்று. மனுஷன் எத்தனை நாள் சும்மா இருப்பார்? தெருவையே ஸ்டோராக்கிக்கொண்டார்.

"ஒரு தெருவுக்கு ஒரு ஏணி போதும். ஒரு மிக்ஸி போதும். வீட்டுக்கு வீடு வாங்கிப் போட்டு இன்னா பண்ணப் போறீங்க? இருக்கறத பகிர்ந்துக்கணும். சிக்கனமா வாழணும்" என்று மசூதித் தெரு முனையில் டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார். டீ யாராவது வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அதனால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

இத்தனைக்கும் அந்தத் தெருவுக்கு யாரும் வந்து பகிரச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ரம்ஜான் மாதத்தில் கஞ்சி இந்தப் பக்கம் வரும், பொங்கலன்று பொங்கல் அந்தப் பக்கம் போகும். ஒரு வீட்டு மோட்டார் ரிப்பேரானால் அடுத்த வீட்டுக்காரர் கேட்காமலே ஹோஸைத் தூக்கிச் சுவருக்கு மேல் போடுவார். காலங்காலமாக வாய் பேசாமல் நடந்துகொண்டிருந்த காரியத்துக்கு ஜெயப்பிரகாஷ் ஒரு சொற்பொழிவைச் சேர்த்தார், அவ்வளவுதான். ஏணி கமலம் வீட்டுடையது. மிக்ஸி அக்தரி பேகம் வீட்டுடையது. பேப்பர் வாணியம்பாடி ரோட்டில் சலூன் வைத்திருப்பவருடையது. யோசனை மட்டும் ஜெயப்பிரகாஷுடையது.

இந்தத் தத்துவத்தைக் காலால் நடந்து நிறைவேற்றியவள் அவர் மனைவி மோகனா. "ஆம்பள போய்ப் பாத்திரம் கேட்டா நல்லா இருக்காது" என்பது அவர் கட்சி. காலையில் தேங்காயும் மிளகாயும் போட்ட கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மோகனா அக்தரி பேகம் வீட்டுக்குப் போவாள். அங்கே அரைத்துக்கொண்டு வந்துதான் இங்கே இட்லிக்குச் சட்னி. கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்த புது மிக்ஸி ஒன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வீட்டுப் பரணில் கிடந்தது. "அது கிடக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்" என்பார். எந்த அவசரத்துக்கு என்று மோகனா கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு சொற்பொழிவு இருந்திருக்கும்.

அந்தப் பரணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெயப்பிரகாஷ் தன் கணக்கில் பொய் சொல்கிறவர் அல்ல. திருடுகிறவரும் அல்ல. ஒரு சாமான் அவர் பரணுக்குப் போய்ச் சில வருடம் ஆகிவிட்டால், அவர் மனசு அதற்குத் தானாகவே பட்டா எழுதிக் கொடுத்துவிடும். அப்புறம் அது இவருடையது என்று கோவிலில் வைத்துக் கேட்டாலும் கண் இமைக்காமல் சொல்வார்.

மோகனாவுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. ஒரே ஒரு விஷயம் மட்டும் பழகவில்லை. அது ஒரு தேக்சா.

அவர்கள் மகள் எழிலரசிக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது, பிரியாணி செய்ய அக்தரி பேகத்திடம் ஒரு பெரிய செம்புத் தேக்சா வாங்கியிருந்தார்கள். அக்தரிக்கு நிக்காஹ் ஆனபோது அவள் அப்பா கொடுத்தது. தடித்த செம்பு, இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். விழா முடிந்த மறுவாரம் அக்தரி கேட்டாள். "அன்னைக்கே குடுத்தாச்சே, நானே ஆள் வெச்சு அனுப்பினேன்" என்றார் ஜெயப்பிரகாஷ். மோகனா புருஷன் பேச்சை நம்பினாள். நம்பியது மட்டுமல்ல, "என் பொண்ணு மேல சத்தியமா குடுத்துட்டோம் அக்கா" என்று அக்தரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

மோகனா அப்படிச் சொன்ன பிறகு அக்தரிக்குச் சந்தேகப்பட வேறு ஆள் தேவைப்பட்டது. அந்த வாரம் பேர்ணாம்பட்டிலிருந்து வந்து தங்கிவிட்டுப் போனவள் அவளைப் பாபி என்று கூப்பிடும் நாத்தனார் முனவ்வர் பேகம். போகும்போது ஆட்டோவில் மூட்டை முடிச்சுகளோடு போனாள். அது போதாதா? வாய்விட்டு யாரும் திருடி என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் முனவ்வர் அந்த வீட்டுக்குச் சாவுக்கும் நிக்காஹ்வுக்கும்தான் வந்தாள். வந்தாலும் சமையலறைப் பக்கம் போக மாட்டாள்.

எழிலரசி கல்யாணமாகித் திமிரிக்குப் போய்விட்டாள். இப்போது அக்தரியின் மகள் தபஸ்ஸுமுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. ஜெயப்பிரகாஷுக்குக் கவலை வந்துவிட்டது. தினமும் மோகனா போய்ச் சட்னி அரைக்கிற வீடு. ஏதாவது பெரிதாகக் கொடுத்தால்தான் தெருவில் பேர் நிற்கும். ஆனால் வாங்கக் கூடாது. வாங்குவது சிக்கனத்துக்கு விரோதம்.

கமலம் வீட்டு ஏணியை மோகனாவை விட்டு வாங்கிவரச் சொல்லிப் பரணேறினார். மிக்ஸியைத் தொட்டுப் பார்த்து, மனசு வராமல் பழைய இடத்திலேயே வைத்தார். பின்னால் சாக்குக்குள் இருந்து ஒரு கரி பிடித்த பாத்திரத்தை இழுத்தார்.

"இது எப்படி இருக்குது பாரு. கம்பெனியில பழைய கேன்டீன் மூடினப்ப எனக்குக் குடுத்தது. இந்தக் காலத்துல இந்த எடையில எவன் செய்றான்?"

ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டிருந்த மோகனாவுக்கு அது வெறும் கரிப் பாத்திரமாகத்தான் தெரிந்தது.

தெருவில் அன்றைக்கு அக்தரி வீட்டுக் கல்யாணப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வேலூரிலிருந்து ஆள் வந்து அடுப்பு மூட்டியிருந்தான். அவன் வேலை முடித்துத் துருத்தியை நிறுத்தும் நேரமாகப் பார்த்து ஜெயப்பிரகாஷ் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு போனார். "கரி இன்னும் எரியுதேப்பா, வீணாப் போவுது" என்றார். உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்ன ஈயம் பூசி வாங்கிக்கொண்டு வந்தார். வெளிப்பக்கம் மோகனாவின் பாடு. "புளி போட்டு நல்லாத் தேய். புதுசு மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு ஃபேனுக்குக் கீழே உட்காரப் போய்விட்டார்.

மோகனா தேய்த்தாள். கரி கரைந்து செம்பு சிவந்தது. கழுத்துப் பக்கம் விரலில் ஏதோ தட்டியது. வலது ஓரத்தில் நேராக ஒரு கோடு. பக்கத்தில் தலைக்கு மேல் ஒரு புள்ளி. அதையடுத்து இரண்டு புள்ளி. கடைசியில் ஒரு கொக்கி.

அவளுக்கு உருது படிக்கத் தெரியாது. தமிழே தட்டுத் தடுமாறித்தான் படிப்பாள். ஆனால் அக்தரி வீட்டிலிருந்து வந்த ஒவ்வொரு கிண்ணத்திலும், ஒவ்வொரு தூக்கிலும் இந்தக் கோட்டையும் புள்ளிகளையும் பார்த்துப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் இன்னும் நிறைய எழுத்து இருந்தது. அது என்னவென்று தெரியவில்லை. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. பெண் மேல் செய்த சத்தியம் நினைவுக்கு வந்து, புளிக் கையோடு போனை எடுத்துத் திமிரிக்குப் பேசினாள். எழிலரசி நன்றாகத்தான் இருந்தாள். "இன்னாம்மா குரல் ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, சளி" என்று வைத்துவிட்டாள்.

சாயந்திரம் ஜெயப்பிரகாஷ் வந்து பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கழுத்தில் இருந்ததைத் தடவினார்.

"பூ வேலைகூட இருக்குது பாரேன். கரியில தெரியல."

பிறந்து வளர்ந்ததிலிருந்து உருதுக்காரர்களின் நடுவில் குடியிருக்கிறார். எதிர்க் கடையின் போர்டு உருது. கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் உருது. அந்த எழுத்து அவருக்குக் கொடியும் பூவுமாகத் தெரிந்தது. தேவையில்லாத எதையும் தலைக்குள் ஏற்றுவதில்லை என்பதும் அவருடைய சிக்கனத்தில் சேர்த்தி.

மோகனா வாயைத் திறந்தாள். இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பாத்திரம் திரும்பப் பரணுக்குப் போகும். அக்தரி கேட்டால் இன்னொரு கதை வரும். அவளே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கலாமென்றால், இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்பாளே. அந்த ஊரில் மோகனாவுக்கு அக்தரியை விட்டால் மனசு திறந்து பேச ஆளில்லை. அவளை இழந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி ஜாஸ்தியாக இருந்தது.

"ஆமா, பூ வேலை நல்லா இருக்குது. நீங்களே உங்க கையால குடுங்க" என்றாள்.

நிக்காஹ்வுக்கு இரண்டு நாள் முன்னால் பெண்ணோடு அனுப்பும் சாமான்களைக் கூடத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். பீரோ, பாய், பாத்திரம், புடவை என்று அடுக்கியிருக்க, சொந்தக்காரப் பெண்களும் தெருப் பெண்களும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனவ்வர் பேகமும் வந்திருந்தாள். வழக்கம்போல் வாசலோரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜெயப்பிரகாஷ் தேக்சாவை ஒரு பக்கம் தான் பிடித்து, மறு பக்கம் மோகனாவைப் பிடிக்கவைத்து உள்ளே வந்தார்.

"தெருவுல எல்லாரும் ஒரு குடும்பம்தானே. ஏதோ நம்மால ஆனது. இந்த மாதிரி செம்பு இப்போ கிடைக்காது" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

இறக்கிய இடம் முனவ்வர் பேகத்தின் காலடி. அவள் குனிந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். கழுத்து எழுத்தில் விரல் வைத்து வலமிருந்து இடமாக ஒரு முறை போனாள்.

"இதுல அக்தரி பேகம்னு இருக்குதே" என்றாள்.

ஜெயப்பிரகாஷ் ஒரு நொடி விழித்தார். ஒரே ஒரு நொடிதான். ஸ்டாக் குறைந்த நாளில் எத்தனை ஆடிட்டரைப் பார்த்தவர் அவர்.

"ஆமாம்மா. நான்தான் பேர் வெட்டச் சொன்னேன். தெருவுல பாத்திரம் மாறிப்போவுது இல்ல? பொண்ணுக்கு அம்மா ஞாபகமா இருக்கட்டும்னு அம்மா பேரையே போடச் சொன்னேன்."

"பேர் மட்டும் இல்ல சார்" என்றாள் முனவ்வர். "நிக்காஹ் அன்னைக்கு அப்பா குடுத்ததுன்னும் போட்டிருக்குது. எங்க பாபிக்கு நீங்க எப்போ அப்பா ஆனீங்க?"

முதலில் சிரித்தது மணப்பெண் தபஸ்ஸும். அப்புறம் கமலம். அப்புறம் கூடமே சிரித்தது. ஜெயப்பிரகாஷும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்துப் பார்த்தார். எடுபடவில்லை. யாரோ கூப்பிட்டது போல வாசல் பக்கம் திரும்பி, "தோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு நழுவினார்.

அக்தரி பேகம் சிரிக்கவில்லை. தேக்சாவின் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா பேரில் கை வைத்திருந்தாள். பிறகு மோகனாவைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தேய்க்கும்போதுதான் அக்கா தெரிஞ்சுது. அது வரைக்கும் தெரியாது. அவரே அவர் கையால உங்ககிட்ட குடுக்கட்டும்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

அக்தரி அவள் முகத்தையே பார்த்தாள். "நீ பொண்ணு மேல சத்தியம் பண்ணே. அத நம்பிதான் என் வீட்டுக்காரரு கூடப் பொறந்தவள நான் சந்தேகப்பட்டேன். உன்ன நம்பி அவள விட்டேன் மோகனா."

மோகனா அழுதாள். அக்தரி அவளைச் சமாதானப்படுத்தவில்லை. ஆனால் போகச் சொல்லவும் இல்லை. கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்து, எல்லார் முன்னாலும் முனவ்வர் எதிரே நிறுத்தினாள்.

"முனவ்வர், தப்பு எங்க ரெண்டு பேர் மேல. மாஃப் பண்ணிடு."

முனவ்வர் நாற்காலியை விட்டு எழவில்லை. "என் மாமியார் வீட்ல இது தெரிஞ்சு, விருந்து வந்தா ஸ்பூனைக் கூட எண்ணி வெச்சாங்க, தெரியுமா?" என்றாள். தேக்சாவின் விளிம்பைத் தட்டிப் பார்த்தாள். "சரி. நான்தானே எடுத்துக்கினு போனேன்னு சொன்னீங்க. இப்போ நெஜமாவே எடுத்துக்கினு போறேன்."

"எடுத்துக்கோ" என்றாள் அக்தரி. அன்றைக்கு முனவ்வர் அண்ணன் வீட்டுச் சமையலறைக்குள் போய்த் தன் கையாலேயே டீ போட்டுக் குடித்தாள்.

மறுநாள் காலை ஜெயப்பிரகாஷ் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது வாசல் முழுக்கப் பாத்திரமாக இருந்தது. மோகனா ஏணி போட்டுப் பரணைத் துடைத்துக் காலி பண்ணியிருந்தாள். கமலத்தின் இட்லிக் கொப்பரை, யாருடையதோ அண்டா, எவர் வீட்டு ஜல்லிக்கரண்டியோ, கடப்பாரை, முறம், அரைக் கதவு. பரண் முடிந்து சமையலறைக்கும் போயிருந்தாள். தெரு ஜனங்கள் வந்து அவரவர் சாமானை அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். சோறு வடிக்கிற பானைகூட யார் வீட்டுடையதோ, அதுவும் போயிற்று.

சமையலறையில் மிஞ்சியது உறை பிரித்த மிக்ஸி. மோகனா அதில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே ஓடியது.

"சாதம் எதுல வடிப்பே?" என்றார் வாயில் பிரஷ்ஷோடு.

"யார் வீட்லயாவது கேட்டு வாங்கிக்கினு வாங்க."

"நானா?"

"நான் போவ மாட்டேன். எனக்கு யார் வீட்லயும் மூஞ்சி இல்ல. தெருவுக்கு ஒண்ணு போதும்னு நீங்கதானே சொல்வீங்க. அந்த ஒண்ணு எங்க இருக்குதுன்னு போய்ப் பாருங்க."

வெயில் ஏறும்வரை பொறுத்துப் பார்த்தார். மோகனா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சட்னியை மட்டும் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டுத் திமிரிக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கமலம் வீட்டைப் பார்த்தார், கதவு சாத்தியிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான்களைப் போட்டு, தலையைச் சீவிக்கொண்டு போய், அக்தரி பேகம் வீட்டுக் கதவைத் தட்டினார். கல்யாண வீடு, யாராவது பாத்திரத்தைக் கையில் திணித்து அனுப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்.

கதவைத் திறந்தது முனவ்வர் பேகம்.

"இன்னா வேணும் சார்?"

"ஒண்ணுமில்ல. சாதம் வடிக்க ஒரு பானை. சாயந்திரம் குடுத்துடறேன்."

முனவ்வர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பி, தெருவின் கோடி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"பாபி, ஸ்டோர் சார் வந்திருக்காரு. பாத்திரம் வேணுமாம். குடுக்கலாமா?"

எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.