வெளியே பூட்டிய கதவு

கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகச் சொன்னது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எல்லாரும் என் கணவரைத்தான் ஏசினார்கள்.

சினைப்பையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை திறந்து, கருப்பையையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு கீமோ. அதுவும் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்திலும் ஒன்றுமில்லை. "இனிமே நார்மலா இருங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை எழுந்து பல் தேய்த்தேன். தேய்த்துவிட்டுக் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதினெட்டு வருஷம் ராயபுரத்தில் துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தவள் நான். ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து துறைமுக கேட்டுக்கும் ஆபீசுக்கும் ஒரு நாளைக்கு நாலு நடை நடப்பேன். இப்போது குளித்துவிட்டு வந்தால் துண்டோடு அரை மணி நேரம் படுக்க வேண்டியிருந்தது. தூங்கி எழுந்தால் தீருகிற அசதி இல்லை அது. பத்து மணி நேரம் தூங்கி எழும்போதும் அப்படியே இருக்கும். கீமோவில் பாதங்கள் மரத்துப்போயிருந்தன. தரை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் கால் வைக்க முடியும்.

திருவொற்றியூரில் மூன்றாவது மாடி எங்களுக்கு. லிஃப்ட் இல்லை. கணவர் எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க நான் மட்டும்தான். தண்ணி கேன்காரர், கூரியர், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் என்று யாராவது மணி அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, சுவரைப் பிடித்து நான் கதவுக்குப் போய்ச் சேர்வதற்குள் வந்தவர்கள் போயிருப்பார்கள். ஒருநாள் பாதி வழியில் தரையிலேயே படுத்துவிட்டேன். அன்று சாயங்காலம்தான் பூட்டச் சொன்னேன்.

"இன்னாமே, உன்ன உள்ள வெச்சி பூட்டிகினு போறதா? பாக்கறவன் இன்னா நெனைப்பான்?" என்றார்.

"பூட்டப் பாத்தா திரும்பிப் போயிடுவான். எனக்கு அதுதான் வேணும்."

மறுநாளிலிருந்து பூட்டிவிட்டுப் போனார். முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரி யாரிடமோ வாசலில் பேசுவது கேட்டது. காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவள், தொண்டை பெரிது. "பூட்டிகீது பாரு. ஆபீசு போவ ஆரம்பிச்சிட்டா. நல்லாயிட்டாபா!" இல்லை, உள்ளேதான் இருக்கிறேன் என்று குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. யாரோ ஒருத்தி என் பெயரில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தாள். அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. அப்படியே ஒரு மாதம் ஓடியது. வாசலில் காலடி கேட்டால் இருமலைக்கூட அடக்கிக்கொள்வேன். ஜன்னல் வழியே அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரியும். அதில் வெயில் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்து மணி சொல்லப் பழகியிருந்தேன்.

ஒரு மத்தியானம் காட்டமான நாற்றம் வந்தது. சுற்றிலும் தொழிற்சாலைகள், எங்கள் பக்கத்தில் கேஸ் நாற்றம் புதிதில்லை. ஆனால் அன்று கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. கீழே யாரோ கத்தினார்கள். படிக்கட்டில் தடதடவென்று எல்லாரும் இறங்கினார்கள். என் கதவை யாரும் தட்டவில்லை. பூட்டிய வீட்டை எதற்குத் தட்டுவார்கள்?

நான் பயப்படவில்லை. இன்றுவரை எனக்கு உறுத்துவது அதுதான். எழுந்திருக்க வேண்டுமே என்ற அலுப்புத்தான் முதலில் வந்தது. ஃபோன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. இப்படியே கிடக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

கடைசியாக எதிர்வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்போது என் கை தானாகத் தலைமாட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது.

"யாரு? யக்கா! உள்ளயா கீற?"

"ஆமா."

"அடிப்பாவி! ஆபீசு போய்கினு கீறன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!"

அவள் ஓடிவிடவில்லை. குழவிக்கல்லை எடுத்து வந்து நாலு அடியில் பூட்டை உடைத்தாள். ஈரத்துணியை என் மூக்கில் கட்டி, இடுப்பில் கை கொடுத்து, பாதி தூக்கியே இறக்கினாள். தெருக்கோடியில் ஒரு கடை வாசலில் உட்கார வைத்தாள்.

ஒரு மணி நேரத்தில் நாற்றம் போய்விட்டது. எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். என்னால் ஏற முடியவில்லை, அங்கேயே இருந்தேன். எதிர்வீட்டுக்காரி வியாபாரத்துக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணிக்குக் கணவர் வந்தார். அவரைப் பார்த்ததும் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"பொண்டாட்டிய உள்ள வெச்சி பூட்றியே, நீ மன்சனா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான்தான் பூட்டச் சொன்னேன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். எனக்கு வாய் எழவில்லை. அசதியா, வெட்கமா என்று பிரித்துச் சொல்ல இப்போதும் தெரியாது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் என்னைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். கட்டிலில் படுத்த பிறகு கேட்டேன், "நான்தான் பூட்டச் சொன்னேன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா உன்ன திட்டுவாங்கோ. உன்னால ஒக்காந்து கேக்க முடியுமா?"

மறுநாள் எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. "படுத்துகினு கீறேன்னு சொல்றதுல இன்னாக்கா வெக்கம்? உன்ன பாத்துக்கறதுக்கு நான் இன்னா சம்பளமா கேட்டேன்?" என்றாள். அன்றிலிருந்து கதவைச் சும்மா சாத்தி வைக்கிறோம். நினைத்தபோது உள்ளே வந்து எட்டிப் பார்க்கிறாள். சில நாள் அவள் வருவதே எனக்குப் பாரமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடக்கிறேன். அவளுக்கும் அது தெரியும்.

இந்த அசதி எப்போது தீரும் என்று டாக்டரிடம் கேட்டேன். வருஷக்கணக்கில்கூட இழுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகுங்கள் என்றார். ஆபீசில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாள்.

இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் மாடி வரை இறங்கி ஏறுகிறேன். ஏறி வந்த பிறகு அன்றைய பகல் முடிந்துவிடுகிறது. தெருவுக்கு இன்னும் ஒரு மாடி இறங்க வேண்டும்.