கஸ்தூரி சொல்லாத ஓடிபி

கஸ்தூரிக்கு ஓடிபியை வாயால் சொல்லக்கூடக் கூச்சம். பார்சல்காரர் வந்து நின்றால் கதவைப் பாதி திறந்து போனை நீட்டுவாள். அவரே பார்த்துத் தட்டிக்கொள்ள வேண்டும். ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்து பல வருஷமாகியும் பக்கத்து வீட்டு சரசாவைத் தவிர யாரோடும் பேசிப் பழகியதில்லை. எட்டாவதோடு நின்ற படிப்பு. ஆனால் ஜன்னல் வழியே பார்ப்பதற்குப் படிப்பு எதற்கு? பார்சல் கொண்டுவரும் சேக்காட்டு சம்பத், மழை வந்தால் தன் ரெயின்கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்துகிற ஆள் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் போனில் அந்த ஆப்பைப் போட்டுவிட்டது கணவன் ஜெயராமன். ஃபாக்டரியில் யாரோ சொல்லிக்கொடுத்தார்களாம். வாங்கிய பொருளின் விலை பிறகு இறங்கினால், ஆப்பே கம்பெனிக்காரனிடம் கேட்டு வித்தியாசத்தை வாங்கித் தரும். குக்கருக்கு வந்தது. போர்வைக்கு வந்தது. தூங்கிக்கொண்டே சம்பாதிக்கிறோம் என்று ஜெயராமன் பெருமையடித்தான். கஸ்தூரிக்கும் சந்தோஷம்தான்.

மிக்சிக்கும் காசு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு சம்பத் வரவில்லை. ஸ்ரீநாத் என்று புதிதாக ஒருவர் வந்தார். கதவிடுக்கிலிருந்து மெல்ல விசாரித்தாள்.

"உங்க ஊட்டு கம்ப்ளைன்ட்தாங்க. மிக்சிய லேட்டா குடுத்தார்னு போட்டுக்கீறீங்க. அவர நிறுத்தி வச்சிட்டாங்க."

அவள் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. ஆப்பைத் திறந்து துழாவினாள். மிக்சியின் விலை இறங்கவில்லை. அதனால், மிக்சி தாமதமாக வந்தது என்று அவள் பெயரிலேயே புகார் எழுதிப்போட்டுக் காசு வாங்கியிருந்தது அது.

நடந்தது வேறு. அன்றைக்கு யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று குவார்ட்டர்ஸ் கேட்டில் வெளிவண்டி எதையும் விடவில்லை. நேரத்தோடு வந்துவிட்ட சம்பத் கேட்டிலிருந்து போன் செய்தார். வெயிலில் நிற்காதீர்கள், நாளைக்கு வந்தால் போதும் என்று அனுப்பியவளே கஸ்தூரிதான்.

கம்பெனிக்குப் போன் போட்டு, நாக்கு ஒட்ட ஒட்டச் சொல்லிப் பார்த்தாள். முடிந்துபோன புகாரைத் திரும்பப் பெற வழியில்லை என்றாள் மறுமுனையில் ஒரு பெண். வந்த லட்சுமியை எவளாவது விரட்டுவாளா என்றான் ஜெயராமன். கஸ்தூரி ஆப்பை அழித்தாள்.

அடுத்து ஸ்ரீநாத் கொண்டுவந்தது ஜெயராமனின் புது போன். விலை இறங்கினால் வாங்கலாம் என்று மாதக்கணக்கில் காத்துக் கிடந்த ஆப், அவள் அழிப்பதற்குச் சற்று முன்புதான் அதை ஆர்டர் போட்டிருந்தது. உடைந்த போனுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு ஜெயராமனும் காத்துக் கிடந்தான்.

கஸ்தூரி தன் போனை நீட்டவில்லை. "சம்பத் அண்ணனை வரச் சொல்லுங்க. அவர்கிட்டதான் ஓடிபி சொல்லுவேன்."

ஸ்ரீநாத் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நாளைக்கு இன்னொரு தடவை கொண்டுவருவோம், அப்போதும் ஓடிபி இல்லையென்றால் பெட்டி குடோனுக்குப் போய்விடும், இந்த விலைக்கு மறுபடி கிடைக்காது என்றார். கஸ்தூரி கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

விஷயம் தெரிந்து ஜெயராமன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாளும் அதே பதில்தான். ஸ்ரீநாத் தன் மேனேஜர் திருமுருகனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். சத்தம் கேட்டு சரசா வாசலுக்கு வந்தாள்.

"ஏம்மா, கம்ப்ளைன்ட் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு. என் கையில ஒண்ணும் இல்ல."

"ஓடிபி என் கையில இருக்குங்க," என்றாள் கஸ்தூரி. குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "அண்ணன் நேரத்துக்குத்தான் வந்தார். நான்தான் நாளைக்கு வாங்கன்னேன். அதையும் ஏத்துங்க உங்க கம்ப்யூட்டர்ல."

"எனக்கும் ஒரு இட்லிப் பானை வருது சார்," என்றாள் சரசா. "நானும் ஓடிபி சொல்றதா இல்ல."

திருமுருகன் ஏதோ முணுமுணுத்து வைத்துவிட்டார். பெட்டியோடு ஸ்ரீநாத் திரும்பிப் போனார்.

சாயங்காலம் தெருமுனையில் பழகிய வண்டிச் சத்தம் கேட்டது. சம்பத் அதே பெட்டியோடு வந்து இறங்கினார்.

"இன்னாம்மா, உனக்குப் பேச்சே வராதுன்னு நெனச்சுகினு இருந்தேன். கம்ப்யூட்டர்ல இன்னா ஏத்தணும்னு மேனேஜருக்கே சொல்லிக் குடுத்தியாமே. அத ஏத்திட்டு என்ன மறுபடி வேலைக்குக் கூப்ட்டுகினாரு."

ஜெயராமன் ஓடிவந்து பெட்டிக்குக் கை நீட்டினான். கஸ்தூரி அவனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். போனைப் பார்த்து, ஒவ்வோர் எண்ணாக, அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.