மச்சானின் முதுகும் இரண்டு பெட்டிகளும்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். அதிலும் எனக்குப் புரியாததை யாராவது புரிந்த மாதிரி பேசினால் உடனே வரும். சென்ற வருடம் மருத்துவமனைக்கு ஸ்டோரேஜ் வாங்கிய அந்த மாதத்தில் நான் எரிந்து விழாத நாளே இல்லை என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். உண்மையில் அது கோபமே இல்லை. குழப்பம். வாயைத் திறந்தால் கோபமாக வெளியே வந்தது, அவ்வளவுதான்.

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். சிதம்பரத்தில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. இரண்டு ஊரிலும் எடுக்கிற எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் கடலூர் சர்வர் ரூமுக்குத்தான் வந்து சேரும். அங்கே இருந்தது, சுழலும் ஹார்டு டிஸ்க்குகளை அடுக்கிய பழைய ஸ்டோரேஜ். ஒரு நோயாளியின் பழைய ஸ்கேனைத் திறக்கச் சொன்னால் உட்கார்ந்து யோசிக்கும். சிதம்பரம் கிளையின் எலும்பு டாக்டர் அதற்குள் ஒரு டீயைக் குடித்து முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் எனக்கு போன் போட்டுத் திட்டுவார். திட்டு பெரிய டாக்டர் காதுக்கும் போனது. அவர்தான் மருத்துவமனையின் முதலாளி. சுழல்கிற டிஸ்க்கே இல்லாமல் முழுக்க ஃப்ளாஷ் சிப்பில் ஓடுகிற ஸ்டோரேஜ் வந்திருக்கிறதாமே, எது நல்லது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

பார்த்துச் சொல்வது என்பது அத்தனை சுலபம் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

வந்தவர்களையெல்லாம் கழித்துக்கட்டியதில் கடைசியாக இரண்டு பெட்டிகள் நின்றன. ஒன்று சென்னையில் பெரிய டீலர் ஒருவர் விற்பது. இன்னொன்றை விற்பவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து சிதம்பரம் மேல வீதியில் ஒரு மாடியில் கடை போட்டிருந்தான். லால்பேட்டையில் கடைகளுக்கு கேமரா மாட்டுவது, பெண்ணாடத்தில் பள்ளிக்கூட கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பது என்று ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு, எப்படியோ இந்த ஸ்டோரேஜ் கம்பெனியின் டீலர்ஷிப் கிடைத்திருந்தது. பெரிய ஆர்டர் ஒன்றாவது காட்டவில்லையென்றால் அதைப் பிடுங்கிவிடுவார்கள். அது போனால் கடை நிற்காது. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபடி பெங்களூருக்குத்தான் போக வேண்டும். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. அவன் அக்கா சொன்னாள்.

நான் முதலிலேயே பெரிய டாக்டரிடம் போய், "சார், அது என் மச்சான் கடை. இத நான் முடிவு பண்ணா நல்லாருக்காது" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியா? அப்ப அவன்கிட்டயே வாங்கிடலாமே. ரிப்பேர்னா சென்னக்காரன் போன எடுக்க மாட்டான். உங்க மச்சான் எங்க ஓடிடப் போறான்? வீட்டு விசேஷத்துக்கு வந்துதான ஆவணும்."

எதை மறைக்கக் கூடாது என்று சொல்லப் போனேனோ, அதையே அவர் கியாரண்டி கார்டாக எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் சொந்தக்காரன் கடை இருக்கும்போது வெளியில் வாங்கினால்தான் ஊர் பேசும். ஆனால் ஆபீஸ் வேறு மாதிரி பேசியது. பில்லிங் கவுன்டரைத் தாண்டினால் போதும், "இன்னா சார், மச்சான் பொட்டிதானே?" என்று ஒருவர் சிரிப்பார். நான் முறைத்தால் இன்னும் நன்றாகச் சிரிப்பார்.

சரி, காகிதத்தில் உள்ளதை வைத்தே ஒப்பிட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் தலை சுற்றத் தொடங்கியது. ஒருவன் தன் பெட்டி ஒரு விநாடிக்கு எத்தனை முறை படிக்கும் என்று எழுதியிருந்தான். மற்றவன் ஒரு முறை படிக்க எவ்வளவு தாமதம் என்று எழுதியிருந்தான். சென்னைக்காரன் பெட்டிக்குள் உண்மையில் எத்தனை இடம் இருக்கிறது என்று சொன்னான். மச்சானுடைய பெட்டியில் அதைவிடக் குறைந்த இடம்தான். ஆனால் உள்ளே போகும் தகவலை அது சுருக்கி வைத்துக்கொள்ளுமாம், அதனால் பல மடங்கு கொள்ளுமாம். எத்தனை மடங்கு என்ற இடத்தில் 'வரை' என்று ஒரு சின்னச் சொல் இருந்தது. ஒருவன் படியில் அளக்கிறான், ஒருவன் தராசில் நிறுக்கிறான். நான் எதை வைத்து எதை ஒப்பிடுவது? எது நல்லது என்று பெரிய டாக்டர் கேட்டால் தெரியல சார் என்றேன். வீட்டில் கேட்டால் தெரியல என்றேன். எலும்பு டாக்டர் போனில் கேட்டபோதும் அதையே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் இரண்டு பெட்டிகளையும் கொஞ்ச நாள் எங்கள் சர்வர் ரூமிலேயே வைத்து ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சென்னைக்காரர்கள் பெட்டியை மாட்டிவிட்டு அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். மச்சான் தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்தான். சோதனைக்கு ஸ்கேன் படங்கள் வேண்டும். நோயாளிகளின் ஸ்கேனை வெளியாள் கையில் கொடுக்க முடியாது, மச்சானே ஆனாலும் வெளியாள்தான். அவனே ஒரு வழி சொன்னான்.

"என் ஸ்கேன் இருக்குது மாமா. போன வருஷம் வண்டிலேந்து வுழுந்தேன்ல, அந்த முதுகு எம்.ஆர்.ஐ. அத போட்டுக்கலாம். என் முதுக யாரு பாத்தா இன்னா?"

எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. அவன் தன் முதுகையே நகல் எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, மறுபடி நகல் எடுத்து, இரண்டு பெட்டிகளையும் அதைக்கொண்டு நிரப்பினான். ஒரு பெட்டிக்கு அதிகம், ஒரு பெட்டிக்குக் குறைவு என்று செய்யவில்லை. அந்த விஷயத்தில் அவன் யோக்கியன்.

முடிவைப் பார்த்து நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மச்சானுடைய பெட்டி அத்தனை ஸ்கேனையும் வாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல் நின்றது. உள்ளே ஏறக்குறைய முழு இடமும் காலி. சென்னைப் பெட்டியும் சுருக்கியிருந்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. மச்சான் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கை ஈரமாக இருந்தது. பெரிய டாக்டர், "நான்தான் அன்னைக்கே சொன்னனே" என்றார். ஆர்டரை டைப் செய்யச் சொல்லிவிட்டார். அன்று மாலை மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். என் மனைவி வெகு நாளைக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்தாள்.

எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பெட்டியின் மேல் எந்தச் சந்தேகமும் வரவில்லை. பில்லிங் கவுன்டர்க்காரர் மறுநாள் என்ன சொல்லிச் சிரிப்பார் என்பதுதான் மனசில் ஓடியது. அவர் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே மறுநாள் காலை சர்வர் ரூமுக்குள் போய், மச்சானுக்குச் சொல்லாமல், நானே இன்னொரு சோதனை வைத்தேன். இந்த முறை எங்கள் நோயாளிகளின் உண்மையான ஸ்கேன்கள். குடிகாடு கிராமத்துக்காரர் ஒருவரின் நெஞ்சு, யாரோ ஒரு பாட்டியின் இடுப்பு, பள்ளிக்கூடப் பையனின் முறிந்த கை.

மச்சானுடைய பெட்டி மளமளவென்று நிரம்பியது. சுருங்கவே இல்லை. சென்னைப் பெட்டியும் சுருக்கவில்லை, ஆனால் அதில் உண்மையாகவே இடம் இருந்தது. வேகத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சிதம்பரத்தில் எலும்பு டாக்டர் நாற்காலியை இழுப்பதற்குள் இரண்டிலும் படம் வந்து நின்றது.

அன்று மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போனவன் மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் இறுகியது.

"அவனுக்குக் குடுங்கன்னு நான் கேக்கல. ஆனா இல்லன்னா ஏன் இல்லன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லணும்."

"கல்யாணப் பத்திரிக ஆயிரம் அடிச்சாலும் ஒண்ண மட்டும் வெச்சிக்கிட்டு, யாராருக்குன்னு பேரு எழுதி வெச்சா போதும்ல? அந்தப் பொட்டி அத தான் பண்ணுச்சி. உள்ள போனது எல்லாம் ஒரே முதுகு. ஒண்ண வெச்சிக்கிட்டு மீதிக்கு பேர எழுதிக்கிச்சி. நம்ம ஆஸ்பத்திரிக்கு வரவுங்க ஒவ்வொருத்தரும் வேற வேற ஆளு. அதுவும் ஸ்கேன் மிஷின் ஏற்கெனவே சுருக்கிதான் அனுப்புது. அதுக்கு மேல சுருக்க அதுல ஒண்ணும் இல்ல."

அவள் குழம்பை ஊற்றினாள். "அப்ப அவன் முதுகே அவன கவுத்துடுச்சா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பெரிய டாக்டர் என்னைவிடத் தெளிவாக இருந்தார். "ரொம்பிடுச்சின்னா அப்ப இன்னொண்ணு வாங்கிக்கலாம்யா. ஆளு நம்ம ஆளு" என்றார். மச்சானுக்குத்தான் ஆர்டர் போக வேண்டும் என்று முதலாளி சொல்கிறார். கூடாது என்று மாமன் நான் நிற்கிறேன். இப்படி ஒரு கூத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. நான் செய்வது நியாயமா, இல்லை நியாயஸ்தன் என்று பெயர் வாங்குகிற ஆசையா என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் இடம் போதாது என்பது போதாதுதான். சீக்கிரம் நிரம்பிப்போகிற பெட்டிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பெரிய டாக்டர் முனகிக்கொண்டே சென்னைப் பெட்டிக்குச் சம்மதித்தார்.

ஆர்டர் போன அன்று, போனில் சொல்ல மனமில்லாமல் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். மேல வீதிக் கடையில் மச்சான் தனியாக இருந்தான். கேமரா பெட்டிகளை நகர்த்தி எனக்கு நாற்காலி போட்டான், கீழே போய் டீ வாங்கி வந்தான். நான் முழுவதையும் சொன்னேன். பாதியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஐயோ, ஒரே முதுக போட்டனே மாமா" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அவன் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, "ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க மாமா" என்றான்.

"கேளு."

"நான் உங்க மச்சானா இல்லாம வேற எவனாவதா இருந்து, மொத டெஸ்ட்ல ஜெயிச்சிருந்தா, நீங்க ரெண்டாவது டெஸ்ட் போட்டிருப்பீங்களா?"

"தெரியல மச்சான்" என்றேன்.

அந்த மாதம் முழுக்க எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அது உண்மையாக இருந்தது. அவனிடம் சொன்னபோது மட்டும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.