நான் ஏசியதை எழுதிக்கொண்டார்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பயம் வந்தால் இன்னும் நீளும்.

அன்று ரியூசன் வகுப்பு முடிந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு எட்டு வயது. வெள்ளவத்தையில், காலி வீதியைக் கடக்கும் மஞ்சள் கோட்டில், எங்களுக்கு வழிவிட்டுப் பஸ் ஒன்று நின்றது. அவள் என் கையை விட்டு இரண்டடி முன்னால் போனாள். நின்ற பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த வான் ஒன்று அவளை அடித்துப் போட்டது.

ஓடிப்போய்த் தூக்கினேன். வலது கால் முறிந்து தொங்கியது. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"மூதேசி, கண் தெரியேல்லையோ உனக்கு? எத்தனை தரம் சொன்னனான், பார்த்துக் கடக்கச் சொல்லி!"

எங்கள் வீடுகளில் பிள்ளை விழுந்தால் முதலில் ஏச்சு, பிறகுதான் மருந்து. நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

வான் சாரதி வத்தளை ஆள். நன்றாகத் தமிழ் தெரிந்தவர். ஆஸ்பத்திரி வார்டுக்கு முந்திரிகைப்பழம் கொண்டுவந்து அழுதார். நானும் இரங்கித் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அதே மனுசன் பொலிஸ் வாக்குமூலத்தில், "தாயே பிள்ளையின் பிழை என்றுதான் ஏசினார்" என்று சொல்லி வைத்திருந்தார். மகளுக்கு இன்னொரு ஒப்பரேஷன் செய்ய வேண்டியிருந்தது. அதற்காக நட்டஈடு கேட்டால், காப்புறுதிக் கம்பனி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தேத்தண்ணீர் கொடுத்த என் கையையே அடிக்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் சட்டத்தரணி ஓர் இளம் பெண்.

"அக்கா, அப்பிடிச் சொன்னனீங்களோ?"

"ஓம். பயத்திலை வந்த ஏச்சு. அதைப் போய் எழுதுவினமோ?"

"விளங்குது. பஸ் நிக்கேக்கை மஞ்சள் கோட்டிலை முந்தினது சாரதியின்ரை கவனயீனம்தான். எட்டு வயசுப் பிள்ளையிட்டைப் பெரியாக்களின்ரை நிதானத்தை எதிர்பார்க்கேலாது. ஆனா பிள்ளையையும் ஒருக்காக் கேக்க வேணும்."

மகள் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"என்னம்மா நடந்தது, சொல்லுங்கோ."

"பிழை என்ரைதான் அன்ரி. நான் பார்க்காமல் போயிட்டன். அம்மா அங்கையே சொன்னவ."

நான் இடையில் புகுந்தேன். "இல்லைக் குஞ்சு, நீ சரியாத்தான் போனனீ. எல்லாம் வான்காரன்ரை பிழை."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப ஏன் எனக்கு ஏசினனீங்கள்?"