காக்கித் துண்டு சொன்ன சாட்சி

பழுது பார்க்கும் கடையில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது திருப்புளி பிடிப்பதல்ல. “நாங்க குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு” என்பதை முகம் கோணாமல் சொல்வது. அதை நான் ஒரு முறை மிக நன்றாகச் சொல்லிவிட்டேன். அதனால் மைமூன் ராத்தா என்ற தையல்காரி, இருபது வருஷம் ஊசி பிடித்த தன் கையையே நம்பாமல் தையல் மிஷினை மூடி வைத்தார். பழுது மிஷினில் இருந்தது. இல்லை, கையில்தான் என்று சாதித்தவள் நான்.

கடை அப்பாவுடையது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், போலீஸ்காரர்களுக்குக் காக்கி தைக்கும் தையற்கடைக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. தையல் மிஷின், சுவர்க்கடிகாரம், கிராமபோன், எது கெட்டாலும் எங்களிடம் வரும். உள்ளே உட்கார்ந்து பழுது பார்ப்பவர் கண்ணையா அண்ணன். நான் வைத்தியக் கல்லூரி மாணவி. விடுமுறையிலும் வகுப்பில்லாத பிற்பகலிலும் முன் மேசை எனக்கு. வருகிறவர்களை விசாரித்து, பெயர், சாமான், என்ன கோளாறு என்று சீட்டு எழுதிக் கட்டி உள்ளே அனுப்புவேன்.

என் வகுப்பில் பெண்கள் மூன்று பேர். ஒருத்தி ஒரு வாதத்தில் தோற்றால் மூவரும் தோற்றதாக அங்கே எடுத்துக்கொள்வார்கள். ஆகையால் நான் தோற்பதில்லை என்று வைத்திருந்தேன். கல்லூரிக்கு அது நியாயம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அதே நியாயத்தைக் கடைக்கும் தூக்கிக்கொண்டு வந்ததுதான் தப்பு. முன் மேசையில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சு வாங்கிய சக பாவிகள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். கேட்டால் போதும்.

எண்ணத் தெரிந்தவர்

பால்காரர் பெருமாள் சுவர்க்கடிகாரத்தைப் பிள்ளை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். போன வாரம்தான் எங்களிடம் சரி செய்து வாங்கிப் போனது. உள்ளே சக்கரங்களைத் திரும்ப மாட்டும்போது கண்ணையா அண்ணன் மணியடிக்கும் சக்கரத்தை ஓரிடம் தள்ளி மாட்டிவிட்டார் போலிருக்கிறது. முள் மூன்றில் நின்றால் மணி நாலு அடித்தது. நான் விடுவேனா? கடிகாரத்தின் வேலை நேரம் காட்டுவது, சத்தம் போடுவதல்ல என்றேன். கோட்டை மேட்டில் நண்பகலை அறிவிக்கும் பீரங்கி வெடிக்கும்போது முள் பன்னிரண்டில் நிற்கிறதா, இல்லையா என்று கேட்டேன். நிற்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்றார். அப்படியானால் கடிகாரம் சரி என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

பெருமாள் கோபப்படவில்லை. தோளிலிருந்த கடிகாரத்தை மெதுவாக என் மேசை மேல் படுக்க வைத்தார். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். “எனக்கு மணி பாக்கத் தெரியாதும்மா, எண்ணத்தான் தெரியும். ஒரு வாரமா நாலுன்னு நெனச்சு மூணுக்கே போய் மடியில கைய வைக்கிறேன், மாடு என்னய மொறைக்குது.”

சாட்சித் துணி

தையல் மிஷின் பழுது பார்த்து முடிந்ததும் கண்ணையா அண்ணன் ஒரு துண்டுத் துணியில் நாலு விரல் நீளத்துக்கு இரண்டு வரி தைத்து, அதை ஊசிக்கடியிலேயே விட்டு முன்பக்கம் அனுப்புவார். வந்தவர் தையலைப் பார்த்துத் திருப்திப்பட்டு மிஷினை எடுத்துப் போவார். எங்கள் கடையில் அதற்குச் சாட்சித் துணி என்று பேர். அதைப் பாதியாகக் கத்தரித்து ஒரு பாதியைச் சீட்டின் நகலோடு குத்தி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு மட்டும் என்னுடையது. நாளைக்கு யாராவது மறுத்துப் பேசினால் கையில் ஆதாரம் வேண்டாமா?

அந்த ஆதாரத்தால் நான் ஜெயித்த முதல் ஆள் தையற்காரர் சின்னசாமி. இரண்டு நாளாகத் தையல் விட்டு விட்டு விழுகிறது, கடையா வைத்திருக்கிறீர்கள் என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். நான் சீட்டு நகலைத் தேடி எடுத்துச் சாட்சித் துணியை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். இதில் ஒரு தையலாவது விட்டிருக்கிறதா? இல்லை. வீட்டுக்குப் போன பிறகு எதையாவது மாற்றினீர்களா? ஊசி மட்டும். எந்தப் பக்கமாக மாட்டினீர்கள்? அதோடு அவருக்குச் சத்தம் போய்விட்டது; ஊசியைத் திருப்பி மாட்டியிருந்தார். “சரி லா வக்கீலம்மா, ஆள விடுங்க” என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் உள்ளே திரும்பி, பார்த்தீர்களா அண்ணே, துணி எப்படிப் பேசியது என்றேன். கண்ணையா அண்ணன் தலை நிமிரவில்லை. “துணி பேசுனது கொஞ்சந்தான் பாப்பா, மிச்சமெல்லாம் நீ பேசுனது.”

நீட்டிய கை

மைமூன் ராத்தா டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு கீழ்வீட்டு அறையில் இருந்தார். கணவருக்குக் கப்பல் வேலை. வருஷத்தில் இரண்டு மாதம் கரையில் இருந்தால் அதிகம். ஆண் தையற்காரரிடம் அளவு கொடுக்க மாட்டோம் என்கிற முஸ்லிம் வீடுகள் அந்தப் பக்கம் நிறைய. அந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ராத்தாதான் தைப்பார்; அவர்கள் பேச்சில் ராத்தா என்றால் அக்கா. கைமிஷினை ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டு அவரே வந்தார். கைப்பிடி சுற்றவில்லை. “பத்து நாள்ல ஒரு நிக்காஹ் இருக்கு தங்கச்சி. பொண்ணுக்கு மல்லு சட்டை. மெல்லிசுத் துணி, பாத்துச் செய்யச் சொல்லும்மா” என்றார். மைமூன், கைமிஷின், கைப்பிடி சுற்றவில்லை என்று எழுதினேன். மீதியை ஊர்ப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

மிஷின் போன நாலாம் நாள் மத்தியானம் திரும்பி வந்தார், கையில் ஒரு சட்டைக் கையோடு. அப்பா சாமான் எடுக்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தார். கண்ணையா அண்ணன் ஒரு வீட்டுக் கிராமபோனைப் பார்க்கப் போயிருந்தார். மல் துணியில் தையல் நெடுகச் சுருங்கி, கொசுவம் வைத்ததுபோல் நின்றது.

“மிஷின் இழுக்குதும்மா.”

“மிஷின் இழுத்தா இதுலயும் இழுத்திருக்கணுமே, ராத்தா” என்று சாட்சித் துணியை எடுத்து வைத்தேன். காக்கித் துண்டு. பென்சிலால் கோடு கிழித்ததுபோல் இரண்டு வரி.

ராத்தா அதைத் தடவிப் பார்த்தார். “இது நல்லாத்தான் இருக்கு.”

“நாங்க குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்பன்னா என்னம்மா ஆயிருக்கும்?”

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். எதிராளி சாய்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த மாதம் கல்லூரியில் நரம்புகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். கையை நீட்டுங்க ராத்தா என்றேன். நீட்டினார், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. புறங்கை மேல் ஒரு காகிதத்தை வைத்தேன். காகிதம் லேசாக ஆடியது. யார் கையில் வைத்தாலும் அந்த அளவு ஆடும். அது எனக்குத் தெரியும் என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடாத விஷயம். “கொஞ்சம் நடுங்குது ராத்தா. நாப்பதுக்கு மேல சிலருக்கு வரும். தைக்கிறவுங்களுக்கே தெரியாது” என்றேன்.

அவர் தன் இரண்டு கையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்து, போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டார். “நீ படிச்ச புள்ள, தெரியாமலா சொல்லப் போற.”

என் ரவிக்கை

மூன்று வாரம் கழித்துக் கல்லூரியில் ஒரு விழா. எனக்கு ஒரு ரவிக்கை தைத்துக்கொள்ளலாம் என்று மல் துணி வெட்டி, கண்ணையா அண்ணன் அப்போதுதான் முடித்து வைத்த ஒரு மிஷினில் உட்கார்ந்தேன். ஒரு ஓரம் தைத்ததும் துணி மழையில் நனைந்து காய்ந்த காகிதம் மாதிரி சுருங்கி எழுந்து நின்றது. “அண்ணே, இந்த மிஷின் சரியில்ல” என்று உடனே கத்தினேன். கவனியுங்கள்: என் கை நடுங்குகிறதோ என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அந்தச் சந்தேகத்தை அடுத்தவர் கையில் மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அவர் சிரித்தார். “மிஷின் சரியாத்தான் இருக்கு. காக்கிக்கு வச்சிருக்கேன்.” பக்கத்துத் தையற்கடையில் வெட்டி எறியும் துண்டுகள்தான் எங்கள் சாட்சித் துணி. அது கனத்த காக்கி. அதில் தையல் ஒழுங்காக விழ வேண்டும் என்றால் நூலை இறுக்கிப் பிடிக்கும் திருகை முறுக்க வேண்டும். துணியை அமுக்கும் பாதத்தையும் அழுத்தி வைக்க வேண்டும். அதே இறுக்கத்தில் மல்லைத் தைத்தால் சுருங்காமல் என்ன செய்யும்? சீட்டில் மெல்லிய துணி என்று எழுதியிருந்தால், அனுப்புவதற்கு முன் தளர்த்தி விடுவாராம். எழுதாவிட்டால் எல்லாருடையதும் போலீஸ்காரர் கால்சட்டை தைக்கிற மிஷினாகத்தான் வெளியே போகும்.

நான் எழுந்து மைமூன் ராத்தாவின் சீட்டு நகலை எடுத்து வந்து கொடுத்தேன், குத்தியிருந்த காக்கித் துண்டோடு. சட்டைக் கை சுருங்கி வந்ததையும், நான் கையை நீட்டச் சொன்னதையும் சொன்னேன். அவர் சீட்டை இரண்டு தரம் படித்தார். “என்ன துணி தைக்கப் போறேன்னு அவுங்க வாயத் தொறந்து சொல்லலையா பாப்பா?”

பதினோரு வாசல்

அன்று சாயங்காலமே கண்ணையா அண்ணனும் நானும் டன்லப் ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். மிஷின் மேல் ஒரு துணி மூடியிருந்தது. அதன் மேல் தண்ணீர்க் கூஜா. ராத்தா அம்மியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வரை மஞ்சள். கல்யாணச் சட்டையை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதோடு நிற்கவில்லை. நாணயமான மனுஷி, துணி கொடுக்கும் வீடு ஒவ்வொன்றுக்கும் போய், கை சரியில்லை, இனிமேல் என்னிடம் கொடுத்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று தானே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த வீடுகள் நம்பியிருக்காது.

நான் ஆரம்பித்தேன். காக்கி, திருகு, சீட்டு, எங்கள் கடையின் மூடத்தனமான வழக்கம், என் பொறுப்பு எவ்வளவு, அவருக்கு ஏன் ஒரு பொறுப்பும் இல்லை என்று வரிசையாக அடுக்கினேன். மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் வாதம்தான் வந்தது. ராத்தா பாதியிலேயே திரும்பி, “கண்ணையா, நீ மிஷினப் பாரு. புள்ள பேசி முடிக்கட்டும்” என்றார்.

கண்ணையா அண்ணன் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினார்; எப்போதும் மெல்லிசுத் துணியே தைத்த ராத்தாவுக்கு அதைத் தொட வேண்டி வந்ததே இல்லையாம். பாதத்தின் அழுத்தத்தையும் குறைத்தார். ராத்தா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, நாங்கள் கொண்டுபோன மல் துண்டில் ஒரு வரி தைத்தார். படிந்து கிடந்தது. திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். நம்பாமல் பக்கத்திலேயே இன்னொரு வரி தைத்தார். மஞ்சள் போகாத விரலால் அதை நீவியபடியே இருந்தார்.

“பதினோரு வீடும்மா. பதினோரு வீட்டுலயும் நானே சொன்னேன், மைமூன் கை போச்சுன்னு. இப்ப யாரு போய் இல்லன்னு சொல்லுறது?”

“நான் போறேன், ராத்தா.”

“போய் வாதாடக் கூடாது.”

“வாதாட மாட்டேன்.”

போனேன். பதினோரு வாசலிலும் நின்று, தப்பு எங்கள் கடையுடையது, சொன்னவள் நான், ராத்தா கைக்கு ஒன்றுமில்லை என்று மூன்றே வாக்கியம் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். மூன்று வீட்டில் அடுத்த பெருநாளுக்குத் துணி அனுப்புவதாகச் சொன்னார்கள். எட்டு வீட்டில், வேறு ஆள் கிடைத்துவிட்டது, பார்க்கலாம் என்றார்கள். அந்த எண்ணிக்கையைக் கொண்டுபோய் ராத்தாவிடம் சொல்லிவிட்டு, முதல் தடவையாகச் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல், என்னை மன்னித்துவிடுங்கள் என்று நின்றேன். ராத்தா மூன்று வீட்டைத் தன் விரலில் எண்ணிப் பார்த்துக்கொண்டார். பிறகு, “எங்க, உன் கைய நீட்டு” என்றார். நீட்டினேன்.

என்னிடம் வரும்போது நல்லாத்தான் இருந்த ஒருவரைப் பழுதாக்கித் திருப்பி அனுப்பிய கடைக்காரி நான் என்பதால், கடைசி வார்த்தையை அவருக்கே விட்டுவிடுகிறேன்: “கொஞ்சம் நடுங்குதும்மா. டாக்டருக்குப் படிக்கிற புள்ள, பாத்துக்க.”