கழுத்துப் பிடி

அம்மாவை நான் ஜெயித்த நாள் ஒன்று உண்டு. அதை வெகுகாலம் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

மலைமேல் சூரியநெல்லியில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்களில் நீந்தத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். தாமிரபரணிக் கரையில் பிறந்து, கல்யாணமாகி இந்தக் குளிருக்கு வந்தவள். எங்கள் எஸ்டேட்டில் தண்ணீர் என்றால் குழாயில் வருவது, இல்லாவிட்டால் மழை. கீழே இருந்த ரிசார்ட்டில் உயிர்காப்பாளர் பயிற்சி நடக்கிறது, சான்றிதழ் வாங்கினால் வளைகுடாவில் பெண்கள் மட்டும் குளிக்கும் நீச்சல்குளங்களில் வேலை கிடைக்கும் என்று அப்பாதான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அம்மா வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "குளம் ஆழமா இருக்குமா?" என்றாள்.

பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் எல்லாம் கல்லூரிப் பையன்கள். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் ஷிப்ட் என்பதால் அம்மா என்னையும் கூட்டிப்போவாள். குளத்தோரம் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தண்ணீருக்குள் அம்மா வேறு ஆளாக இருந்தாள். கொழுந்துச் சாக்கைச் சுமந்து குனிந்தே நடக்கிறவள், அங்கே நீண்டு, லேசாகி, என்னை மறந்து போய்க்கொண்டே இருப்பாள். பார்க்கப் பெருமையாக இருக்கும். கரைக்கு எப்போது திரும்புவாள் என்றும் இருக்கும்.

மூழ்குகிறவர்கள் காப்பாற்ற வருகிறவரின் கழுத்தைக் கட்டிக்கொள்வார்களாம். அந்தப் பிடியை விடுவிக்கத் தெரியாவிட்டால் இருவருமே போய்விடுவார்கள். கூச்சப்பட்டுக்கொண்டே பையன்கள் அம்மாவின் கழுத்தைப் பிடித்தார்கள். அம்மா ஒரு முழுக்குப் போட்டு, வழுக்கி வெளியே வந்து, பின்னாலிருந்து அவர்கள் தாடையைத் தாங்கி இழுத்து வந்தாள்.

பயிற்சியாளர் ஒரு மலையாளி இளைஞர். ஒரு நாள் அவர் என்னைப் பார்த்தார்.

"சேச்சி, குட்டிகள்தான் நல்லா கெட்டிப் பிடிக்கும். மோளெ வச்சு ஒண்ணு செய்து பாக்கலாம்."

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போனாள். அவர் கையெட்டும் தூரத்தில் கூடவே நீந்தினார்.

"நல்லா இறுக்கிப் புடிட்டி. என்ன ஆனாலும் விடாத. அம்மா எப்படிக் கழட்டுறேன்னு பாரு."

கையாலும் காலாலும் இறுக்கினேன். அவளுடைய ஈர முடி என் முகமெல்லாம் ஒட்டியது. அவள் முழுக்குப் போடுவாள் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். தலையைத் தாழ்த்தினாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள். கால்கள் மட்டும் கீழே உதைத்துக்கொண்டிருந்தன. தண்ணீரைக் குடித்தாள், இருமினாள். கடைசியில் என்னைக் கழுத்தோடு சேர்த்தே கரைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"பிடி விடுவிக்கணும் சேச்சி. இல்லெங்கில் ரெண்டாளும் முங்கும்."

"முடியல சார். பிள்ள ரொம்ப இறுக்கிட்டா."

பையன்கள் கைதட்டினார்கள். "அம்மா தோத்துட்டா!" என்று குதித்தேன். அவளும் சிரித்தாள். கண் சிவந்திருந்தது. குளத்தில் போட்ட குளோரின் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். எவ்வளவு அழுதும் கூட்டிப்போகவில்லை. தேர்வில் ஒரு பையனை இழுத்து வந்து பாஸானாள். மழை தொடங்கியபோது விமானம் ஏறிவிட்டாள்.

அதன்பிறகு அம்மா போனுக்குள் இருந்தாள். அவளுக்குப் பின்னால் எப்போதும் நீலத் தண்ணீர் மினுங்கும். "எப்பம்மா வருவ?" என்பேன். "லீவு கெடச்சதும் வந்துருவேன்" என்பாள். மூடுபனியில் பஸ் வரும் சத்தம் மட்டும் கேட்கும் காலை நேரங்களில், இறங்குகிறவர்கள் யாரென்று தெரியும்வரை எங்கள் லயத்து வீட்டு வாசலிலேயே நிற்பேன். லீவு கிடைத்து வந்தபோதெல்லாம் அவளுக்கு எங்கள் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை.

போன வருடம் என் கல்லூரிக் குளத்தில் அதே பயிற்சிக்குச் சேர்ந்தேன். கழுத்துப் பிடியைக் கற்றுக்கொடுத்தார்கள். என்னைவிடக் கனமான ஒரு கபடிக்காரி பிடித்துக்கொண்டாள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, அவள் முழங்கையை மேலே தள்ளி, கீழே அமிழ்ந்தேன். ஈரத்துணி நழுவுவதுபோலப் பிடி நழுவியது. முதல் தடவையிலேயே.

கரையேறி என் கைகளைப் பார்த்தேன். அன்று என் கைகள் எட்டு வயதுக் கைகள். அம்மா அமிழ்ந்திருந்தால் போதும், பிடி நழுவியிருக்கும். வளைகுடாவுக்குப் போவதென்று அவளும் அப்பாவும் அதற்குள் முடிவு செய்திருந்தார்கள். எனக்குத்தான் யாரும் சொல்லியிருக்கவில்லை.