மின்மினிக்கு கேட் பாஸ்

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம், கார்களுக்கு முகப்பு விளக்கு செய்யும் தொழிற்சாலையில் நான் கான்ட்ராக்டில் இருந்தபோது, வாசலில் முறுக்கு மீசையோடு ஒரு செக்யூரிட்டி நிற்பார். காலி சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் யாரையும் வெளியே விடுவார்.

ஒரு மழைக்கால மாலையில் வேலை முடிந்து கிளம்பும்போது, அறை நண்பர்களுக்குக் காட்டலாமென்று மின்மினி ஒன்றை டப்பாவில் பிடித்து வைத்திருந்தேன்.

"இன்னா இது, உள்ள எரியுது?"

"மின்மினி, அண்ணாச்சி."

"லைட்டு எங்கேர்ந்து வருது?"

விலங்கியல் படித்த வாய் சும்மா இருக்கவில்லை. "அடிவயித்துத் தோலு கண்ணாடி மாதிரி இருக்கும். அதுக்குள்ள வெளிச்சம் தர்ற செல்லு. மூச்சுக்குழாய்ல காத்து வந்தா எரியும். பின்னால வெள்ளையா ஒரு அடுக்கு, வெளிச்சத்தத் திருப்பி வெளிய அனுப்பிரும்."

அவர் முகம் இறுகியது. "முன்னால கண்ணாடி, நடுவுல லைட்டு, பின்னால ரிஃப்ளெக்டர். நம்ம லைன்ல செய்றதுதானே? கேட் பாஸ் எங்க?"

போன வாரம்தான், சீட்டில்லாமல் ஒரேயொரு திருகாணியை வெளியே கொண்டுபோனவனுக்கு வேலை போயிருந்தது.

"உசுருள்ள பூச்சி, அண்ணாச்சி!"

"அத்த சூப்பர்வைசர் எழுதிக் குடுக்கட்டும்."

டப்பாவைத் திறந்து, பூச்சியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பதிவேட்டில் நிதானமாக எழுதினார்: 'விளக்கு, ஒன்று. சுடவில்லை.' அதற்குள் மின்மினி எழுந்து, மதில் தாண்டிப் பறந்துவிட்டது.

நான் தப்பித்தேன். அவர்தான் வெளிறிப்போனார். "என் டூட்டில ஒரு பீஸ் வெளிய பூடுச்சே!"

பதிவேட்டை மறுபடி இழுத்து, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். கடைசியில், 'எடுத்துச் சென்றவர்' என்ற கட்டத்தில் 'தானாகவே சென்றது' என்று எழுதி, என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

போட்டேன். அந்தப் பக்கத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் இன்றும் எனக்கு ஆச்சரியம்.